3-9×40 ஏ.ஓ. ஸ்கோப்பு: ஏர் ரைஃபிளுக்கு, அதுவும் நம்ம கடலோரத்துக்கு எப்படி இருக்கு

மொதல்லயே சொல்லிர்றேன், ஸ்கோப்புக்கு அஞ்சுக்கு நாலு குடுக்கலாம், ஆனா டப்பாக்குள்ள கூடவே வச்சு அனுப்புறாங்கல்ல மவுண்ட் ரிங்கு, அதான் ஸ்கோப்ப துப்பாக்கி மேல புடிச்சு வைக்கிற வளையம், அதுக்கு அரை மார்க்கு கூட கெடையாது. வாங்குனது 3-9×40, அதாவது மூணு மடங்குல இருந்து ஒம்போது மடங்கு வரைக்கும் பெருசாக்கிக் காட்டும், முன் லென்ஸு 40 மிமீ. முன்னாடி பக்கம் ஏ.ஓ. வளையம் (தூரத்துக்குத் தகுந்த மாதிரி திருகி சரி பண்ணிக்கிறது) வச்ச மாடலு, மூவாயிரத்தி சொச்சம் ஆச்சு. மாட்டிருக்கது ஸ்ப்ரிங்கு வச்ச 4.5 மிமீ ஏர் ரைஃபிள்ல, அதான் குழல மடக்கி லோடு பண்ற டைப்பு. சுடுற எடம் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் எங்க சித்தப்பாவோட தென்னந்தோப்பு, கடலு சத்தம் கேக்குற தூரம், அதனால இந்த ரிவ்யூல பாதி உப்பும் காத்தும் தான் இருக்கும், ஊட்டில கொடைக்கானல்ல இருக்கவங்களுக்கு அந்தப் பாதி தேவப்படாது.

ஸ்கோப்புன்னு சொன்னாலே நம்மாளுக மொத கேள்வி "எதடா சுடப் போற"ங்கறது தான். பேப்பரு, டின்னு, செரட்டை, அவ்ளோதான். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கப்பறம் இங்க மான் வேட்டைங்கற பேச்சுக்கே எடமில்ல, தோப்புக்குள்ள மயிலு தெனம் வந்து நிக்குது, அது பாட்டுக்கு மேயுது, நாங்க பாட்டுக்கு இருக்கோம். கொக்கு நாரை அடிக்கலாம்னு ஏர் ரைஃபிள் வாங்குற ஆளுங்க இத இங்கயே நிறுத்திரலாம், சக்கரக்கோட்டை கம்மாய், தேர்த்தங்கல், சித்திரங்குடின்னு நம்ம மாவட்டத்துல பறவைக்குன்னே சரணாலயம் விட்டு வச்சிருக்காங்க. மத்தபடி 4.5 மிமீ, குண்டோட சக்தி 20 ஜூலுக்கு உள்ள இருக்க ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸு வேணாம், கடையில ஐடி புரூஃப் ஜெராக்ஸு வாங்கிட்டுத் தான் குடுப்பாங்க.

எங்க மச்சான் ஒருத்தரு டெக்சாஸ்ல இருக்காரு, அங்க லைசென்ஸு எடுத்தா மான் வேட்டை சட்டப்படியே பண்ணலாம், வெள்ளவால் மானுக்கு நவம்பர் மொத சனிக்கிழமை சீசன் தொறக்கும், அதுக்கு முன்னாடியே ரேஞ்சுக்குப் போயி ஸ்கோப்ப ஜீரோ பண்ணி, அதாவது குறி வைக்கிற எடத்துலயே குண்டு படுற மாதிரி சரி பண்ணி வச்சிருவாங்க. நான் ஸ்கோப்பு வாங்கிருக்கேன்னு சொன்னதும் மனுசன் வாட்ஸப்புல வாய்ஸ் நோட்டா அனுப்பித் தள்ளிட்டாரு. போல்ட்ட (குழலோட பின்பக்கத்த மூடுற தண்டு) கழட்டிட்டு குழலு வழியா 25 கஜத்துல இருக்க அட்டையப் பாரு, அதே எடத்துக்கு கிராஸ்ஹேர, அதான் ஸ்கோப்புக்குள்ள தெரியுற கூட்டல் குறி கோட்ட, கொண்டு வா, அப்பறம் 25ல சுட்டு சரி பண்ணு, அதுக்கப்பறம் 100 கஜத்துக்குப் போ, மூணு மூணா சுடு, நடுவுல குழல ஆற விடு, 308ங்கற குண்டு போடுற மான் துப்பாக்கின்னா 100ல ரெண்டு இஞ்சு மேல படுற மாதிரி வச்சா 200 கஜத்துல ஏறக்கொறைய நேரா விழும், இப்படி. அவரு துப்பாக்கிக்கு அது அத்தனையும் சரி. நம்ம மடக்குற ஏர் ரைஃபிள்ல போல்ட்டும் இல்ல, மடக்கிப் பாத்தா குழலே வேற பக்கம் திரும்பி நிக்கும், அதனால குழலு வழியா பாக்குறதுங்கறது நடக்காது. கிட்ட தொடங்கி தூரமா போறது, ஒரு குண்ட வச்சு முடிவு பண்ணாம கூட்டமா சுட்டுட்டு கூட்டத்தோட நடுவ எடுக்குறது, இந்த ரெண்ட மட்டும் அவருகிட்ட இருந்து எடுத்துக்கிட்டேன்.

இன்னொன்னும் அவரு சொன்னாரு, அவருகிட்ட பழைய மான் ஸ்கோப்பு ஒண்ணு சும்மா கெடக்கு, விலை ஒசத்தி, குடுத்து விடவான்னு. வேணாம்னுட்டேன். காரணம் என்னன்னா பெரிய துப்பாக்கி பின்னாடி மட்டும் தான் ஒதைக்கும், அதுக்குத் தாங்குற மாதிரி தான் அந்த ஸ்கோப்பு உள்ள லென்ஸு உக்கார வச்சிருப்பாங்க. ஸ்ப்ரிங்கு ஏர் ரைஃபிள்ல பிஸ்டன் முன்னாடி பாயுறப்ப துப்பாக்கி பின்னாடி வரும், அடுத்த நொடியே பிஸ்டன் போயி முட்டுறப்ப முன்னாடி இழுக்கும், ரெண்டு பக்க ஒதை. சத்தமே இல்லாத இந்தச் சின்ன துப்பாக்கி லட்ச ரூபா ஸ்கோப்ப கூட கொன்னுரும். அதோட மான் ஸ்கோப்புல பேரலாக்ஸு (தலை அசைஞ்சா கிராஸ்ஹேரு அட்டை மேல நகர்றது) வராத தூரத்த பெரும்பாலும் 100 கஜத்துக்கு கம்பெனியிலயே வச்சு விட்ருவாங்க, நமக்கு 10, 20 மீட்டர்ல அட்டை மங்கலா தான் தெரியும்.

இந்த பேரலாக்ஸு விசயம் தான் வாங்குறவங்க பாக்காம விட்ர்றது. துப்பாக்கிய மணல் மூட்டை மேல அசையாம வச்சுட்டு, கைய எடுத்துட்டு, தலைய மட்டும் மேல கீழ ஆட்டி ஸ்கோப்புக்குள்ள பாருங்க, கிராஸ்ஹேரு அட்டை மேல நகந்துச்சுன்னா பேரலாக்ஸு இருக்குன்னு அர்த்தம், அப்ப கன்னத்த ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல வைக்கலன்னா குண்டு வேற வேற எடத்துல தான் போகும். இந்த மாடல்ல முன் வளையத்த திருகுனா 10 கஜம் வரைக்கும் எறங்குது, திருகத் திருக கிராஸ்ஹேரு ஆடுறது கொறஞ்சு ஒரு எடத்துல நின்னுரும். ஆனா வளையத்துல அச்சடிச்சிருக்க நம்பர நம்பாதீங்க, என்னோடதுல 20 கஜம்னு போட்ருக்க எடத்துக்கும் நெசமா தெளிவாகுற எடத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, கண்ணால பாத்து வெள்ள பெயிண்டுல ஒரு புள்ளி வச்சுட்டேன். இந்த விலைக்கு இத ஒரு கொறையா சொல்ல முடியாது.

இப்ப அந்த ரிங்குக்கு வர்றேன். 11 மிமீ டவ்டெயிலுக்குன்னு (துப்பாக்கி மேல ரிங்கு மாட்டுற தண்டவாளம்) சொல்லி தான் விக்கிறாங்க, மாட்டவும் மாட்டுது, எல்-கீ போட்டு இறுக்குனா ஸ்க்ரூ தலை வழுக்கிருது, அவ்ளோ மெத்தான இரும்பு. அத விட மோசம், துப்பாக்கி ஒதைக்க ஒதைக்க ரிங்கு தண்டவாளத்துல பின்னாடி ஊந்து வருது. பென்சில்ல ஒரு கோடு போட்டு வச்சுட்டு சுட்டுப் பாத்தா கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவுல எடவெளி கண்ணுக்கே தெரியுது. இப்படி ஊந்து வர்ற ஸ்கோப்ப வச்சுக்கிட்டு ஜீரோ பண்றேன்னு ஒக்காந்தா அன்னைக்குப் பூரா டரட்ட (கிராஸ்ஹேர நகத்துற திருகு) திருகிட்டே இருக்க வேண்டியது தான், ஸ்கோப்பு டுபாக்கூருன்னு ஒரு ஸ்டாரு போடுறவங்கள்ல பாதிப்பேரு ரிங்கத் தான் திட்டணும், ஸ்கோப்ப திட்டிட்டிருக்காங்க. அடியில ஸ்டாப் பின் இருக்க ஒரே துண்டு மவுண்ட்டு தனியா வாங்குங்க, அந்தப் பின்னு துப்பாக்கி மேல இருக்க ஓட்டைல உக்காந்துரும், அப்பறம் எங்கயும் நகராது. வாங்குறப்ப ஸ்கோப்பு குழாய் 25.4 மிமீயா 30 மிமீயான்னு பாத்துக்கங்க, இது 25.4.

மாட்டுறப்ப கிராஸ்ஹேரு செங்குத்தா நிக்கணும். அதுக்கு கருவி எதுவும் வேணாம், தென்னை மரத்துல ஆணி அடிச்சு நூலுல கொத்தனாரு தூக்குக்குண்ட கட்டித் தொங்க விடுங்க, துப்பாக்கிய சாயாம வச்சு, ஸ்கோப்ப சுத்தி அந்த நூலோட கோடு ஒட்டுற மாதிரி வச்சு இறுக்கிருங்க. ஸ்க்ரூவ ஒரே பக்கமா முறுக்காம மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும், வெறி புடிச்ச மாதிரி இறுக்குனா குழாய் நசுங்கிரும்.

கிளிக்கு கணக்கு. டரட்டு மேல கால் எம்.ஓ.ஏ.ன்னு ஒரு கோண அளவு போட்ருக்கும், அதாவது 100 கஜத்துல ஒரு கிளிக்குக்கு கால் இஞ்சு. நமக்கு 20 மீட்டர்ல ஒரு கிளிக்கு ஒன்றரை மிமீ கூட வராது, ஒரு சென்டிமீட்டர் நகத்தணும்னா ஏழு கிளிக்கு. 10 மீட்டர்ல அதே ஒரு சென்டிமீட்டருக்கு பதினாலு. இது தெரியாம ரெண்டு கிளிக்கு திருப்பிட்டு "ஒண்ணுமே மாறல"ன்னு சொல்றவங்கள பாத்திருக்கேன். டரட்டு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு, மேல இருபது, வலது இருபது, கீழ இருபது, இடது இருபதுன்னு திருப்பி ஒவ்வொரு மூலையிலயும் சுட்டா அட்டையில கட்டம் விழுந்து கடைசில தொடங்குன எடத்துக்கே வரணும். இது வந்துச்சு, மூணு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா ஒரு கட்டம், கடைசி மூலை மட்டும் ஒரு குண்டு அகலம் தள்ளி. திருப்புன ஒடனே மொத குண்டு பழைய எடத்துக்கிட்டயே போகுது, அடுத்ததுல தான் உக்காருது, உள்ள இருக்க ஸ்ப்ரிங்கு கொஞ்சம் சோம்பேறி. அதனால திருப்பிட்டு ஒரு குண்ட கணக்குல சேக்காம விட்ருங்க. அஞ்சு மார்க்குல ஒண்ணு கொறச்சது இதுக்குத் தான்.

20 மீட்டருக்கு ஜீரோ வச்சுட்டு 5 மீட்டர்ல டின்ன சுட்டா குண்டு ரெண்டு சென்டிமீட்டர் கிட்ட கீழ படும், அது கோளாறு இல்ல, ஸ்கோப்பு குழலுக்கு மேல நாலு சென்டிமீட்டர் ஒசரத்துல ஒக்காந்திருக்கு, குண்டு கீழருந்து ஏறித் தான் வரணும்.

காத்தப் பத்தி சொல்லியாகணும். அரை கிராம் ஈயம், மேற்கருந்து வீசுற நம்ம ஊரு கச்சான் காத்துக்கு அது எம்மாத்திரம். ஆனி ஆடில மத்தியானத்துக்கு மேல தோப்புல நின்னா மட்டையே சாஞ்சு கெடக்கும், அப்ப ஜீரோ பண்ணுனா காத்துக்கு ஜீரோ பண்ணுனதா தான் ஆகும், மறுநாள் காலைல எல்லாம் ஒரு பக்கமா போயி நிக்கும். விடிஞ்சு வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இல ஆடாம இருக்கும், அந்த நேரம் தான் லாயக்கு. குண்டும் ஒரே டப்பா, ஒரே கம்பெனியா இருக்கணும், தட்டை தலைக்கு வச்ச ஜீரோ உருண்டைத் தலைக்கு நிக்காது. துப்பாக்கியவும் இறுக்கிப் புடிக்கக் கூடாது, முன் கைய தட்டா விரிச்சு அது மேல சும்மா கெடக்க விட்ரணும், ஸ்ப்ரிங்கு துப்பாக்கிக்கு அது பாட்டுக்கு ஒதைக்க எடம் குடுத்தா தான் ஒரே எடத்துல அடிக்கும். பின்னாடி சுவரு இருக்கக் கூடாது, மரத்துண்டும் கூடாது, குண்டு திரும்பி வரும், மணல் மூட்டைக்கு முன்னாடி பழைய வலைய நாலா மடிச்சுத் தொங்க விட்ருக்கோம்.

அடுத்தது உப்பு. நம்ம பக்கம் எந்த இரும்பு சாமானுக்கும் எண்ணெய ஊத்துறது பழக்கம், படகு மிசினுக்கு ஊத்துற மாதிரியே துப்பாக்கிக்கும் ஊத்துவாங்க. குழலு வெளிப்பக்கம் துணியில தொட்டுத் தொடச்சா போதும், குண்டு போடுற எடத்துக்குப் பின்னாடி காத்து வர்ற ஓட்டைக்குள்ள எண்ணெய் எறங்குச்சுன்னா அடுத்த தடவ சுடுறப்ப காத்து அமுங்குற சூட்டுல அது பத்தி எரியும், டீசல் இஞ்சினு கதை தான், பொகை வரும், சத்தம் பெருசா கேக்கும், குண்டு வேகம் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி இருக்கும். ஜீரோ நிக்கலன்னு ஸ்கோப்ப கழட்டுறதுக்கு முன்னாடி குழலு வாயில பொகை வருதான்னு பாருங்க.

லென்ஸுல உப்புப் பொடியும் மணலும் படிஞ்சிருக்கப்ப கைலிய எடுத்துத் தொடச்சிராதீங்க, கோட்டிங்கு கோடு கோடா போயிரும், மொதல்ல ஊதி விட்டு அப்பறம் கண்ணாடி தொடைக்கிற துணி. ஏசி ரூமுல இருந்து வெளிய எடுத்துட்டு வந்ததும் வெளிப்பக்கம் பனி படியும், அது ஸ்கோப்போட தப்பு இல்ல, ரெண்டு நிமிசத்துல போயிரும். உள்பக்கம் படிஞ்சு நின்னா தான் கேஸு அவுட்டு, உள்ள அடைச்ச நைட்ரஜன் போயிருச்சுன்னு அர்த்தம். என்னோடதுல ஐப்பசி மழையிலயும் உள்ள ஒண்ணும் தெரியல.

வெளிச்சம் பரவால்ல. 9ல வச்சா சாயங்காலம் மங்குது, 4க்கு எறக்குனா பளிச்சுன்னு இருக்கு, 20 மீட்டருக்கு 6க்கு மேல தேவையே இல்ல. பையன போட்டிக்கு அனுப்பணும்னு நெனைக்கிறவங்க இத வாங்க வேணாம், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டில ஸ்கோப்புக்கு அனுமதி கெடையாது, பீப் சைட்டு தான் (சின்ன ஓட்டை வழியா பாத்து குறி வைக்கிறது), அதுலயே அரை மிமீ புள்ளிய பத்துன்னு அடிக்கிறாங்க.

ரிங்கப் பத்தி விக்கிறவனுக்கு போட்டோவோட அனுப்புனேன், "ரேட் பண்ணதுக்கு நன்றி"ன்னு பதிலு வந்துச்சு, அதோட சரி. ரிட்டன் பண்ண ஏழு நாளு தான் டைம் குடுக்குறாங்க, அதனால வந்த அன்னைக்கே தலைய ஆட்டிப் பாக்குற டெஸ்ட்டயும் கட்டம் சுடுற டெஸ்ட்டயும் பண்ணிருங்க, டப்பா, ஸ்பாஞ்சு, பில்லு எதையும் அதுவரைக்கும் தூக்கிப் போடாதீங்க, மவுண்ட்ட ஸ்கோப்புக்கு முன்னாடியே ஆர்டர் போட்ருங்க, ராம்நாடு பின்கோடுக்கு அது வந்து சேர தனியா ஒரு வாரம் ஆகும்.