ப்ளேட் சில்லரைக் கழுவ பி.பி.டபிள்யூ., ஸ்டார் சான்: எது எதற்கு உதவும்?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான பொருட்கள் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் பி.பி.டபிள்யூ. தூளும் ஸ்டார் சான் திரவமும் இருக்கும். இரண்டுமே கொலராடோவின் ஃபைவ் ஸ்டார் கெமிக்கல்ஸ் தயாரிப்புகள். முதலாவது காரம், அழுக்கைக் கரைக்கும். இரண்டாவது அமிலம், கிருமியைக் கொல்லும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. கொதித்த வோர்ட்டை (பீராகப் புளிக்கப்போகும் இனிப்பான மால்ட் சாற்றை) குளிர்விக்கும் கருவியான சில்லரில் இதை மறந்தால் அந்த பீர் முழுவதும் புளித்துப் போகலாம்.

செம்புச் சுருளாக இருக்கும் இமர்ஷன் சில்லருக்கு இரண்டுமே தேவையில்லை. கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது சுருளைப் பானைக்குள் இறக்கினால் போதும், கொதியே கிருமிநீக்கம் செய்துவிடும். வெளியே எடுத்த கையோடு, காய்வதற்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். பச்சைக் களிம்பு தெரிந்தால் வினிகரில் சற்று ஊறவைத்துத் தேய்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

பி.பி.டபிள்யூ.வுக்குக் கொடுக்கும் காசுக்கு அர்த்தம் இருப்பது ப்ளேட் சில்லரில்தான். துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைச் செம்பால் பற்றவைத்து அடுக்கிய பெட்டி அது. பிரித்துப் பார்க்க வழியில்லை. தகடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) துணுக்கும், குளிரும்போது திரளும் புரதமும் போய் மாட்டிக்கொள்ளும். அது காய்ந்துவிட்டால் எந்தத் தூளாலும் முழுதாக எடுப்பது கடினம். அதனால் வோர்ட் கடைசிச் சொட்டு இறங்கியவுடனே, வோர்ட் வெளியேறிய வாய் வழியாகச் சுடுதண்ணீரை எதிர்த்திசையில் செலுத்த வேண்டும். வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை நிறுத்தக் கூடாது. இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டவருக்கு விலையுயர்ந்த ரசாயனம் கைகொடுக்காது.

பிறகுதான் தூள். 10 லிட்டர் தண்ணீருக்கு 75 கிராம், அழுக்கு அதிகமென்றால் 150 கிராம். தண்ணீர் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க, பம்ப் வைத்து அரை மணி நேரம் சுழலவிட வேண்டும். பாதி நேரம் ஒரு திசை, மீதி நேரம் மறு திசை. ஆறின தண்ணீரில் இது சோம்பலாகத்தான் வேலை செய்யும். பால் வால்வுகளை (துளையிட்ட குண்டு திரும்பித் திறந்து மூடும் வால்வுகளை) அவ்வப்போது பாதி திறந்த நிலையில் வையுங்கள். முழுதாகத் திறந்திருக்கும்போது குண்டுக்குப் பின்னால் தேங்கும் வோர்ட்டைத் திரவம் தொடாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முடிந்ததும் வழுவழுப்பு போகும்வரை வெந்நீரில் அலச வேண்டும். காரம் மிச்சமிருந்தால் அடுத்து வரும் அமிலத்தின் வீரியம் குறையும்.

செலவைக் குறைக்க விரும்புவோர், வாசனையில்லாத ஆக்ஸிகிளீன் (துணிக் கறை நீக்கும் தூள்) 70 பங்கும் சோடியம் மெட்டாசிலிகேட் என்ற காரத் தூள் 30 பங்கும் கலந்துகொள்கிறார்கள். ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும்.

ஸ்டார் சான் 19 லிட்டருக்கு 30 மில்லி, அதாவது லிட்டருக்கு 1.6 மில்லி. பாத்திரம், குழாய், மூடி எல்லாவற்றுக்கும் அருமையான பொருள்: இரண்டு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும், அலச வேண்டியதில்லை, நுரையும் பீரைக் கெடுக்காது. ப்ளேட் சில்லருக்குள் மட்டும் இதை முழுதாக நம்ப முடியவில்லை. இடுக்கில் ஒட்டியிருக்கும் படிவத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை அமிலம் எட்டாது. நுரை பம்ப்பில் காற்றாகச் சிக்கி ஓட்டத்தை நிறுத்திவிடும். நீண்ட நேரம் ஊறவைத்தால் பற்றவைத்த செம்பையும் அரிக்கும்.

அதைவிட வெப்பம் நம்பகமானது. கொதியின் கடைசி 15 நிமிடம், குளிர்நீரை மூடிவிட்டு, கொதிக்கும் வோர்ட்டையே சில்லர் வழியாகச் சுற்றவிடுங்கள். வெளிவாயில் 80 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று வெப்பமானியில் பாருங்கள். தண்ணீர்ப் பக்கக் குழாயின் ஒரு முனை கட்டாயம் திறந்திருக்க வேண்டும். உள்ளே அடைபட்ட நீர் ஆவியானால் குழாய் தெறிக்கும். ஹாப்ஸை வலைக்கூடையில் போட்டால் அடைப்பும் குறையும்.

ப்ளீச் வேண்டவே வேண்டாம். குளோரின் எஃகில் குழி பறிக்கும், ஸ்டார் சானோடு கலந்தால் நச்சு வாயு வரும்.

சில்லரை ஈரத்தோடு எடுத்து வைக்காதீர்கள். காற்று ஊதி நீரை வெளியேற்றி, வாய்களை மூடாமல் கீழ்நோக்கிச் சாய்த்து உலரவிட வேண்டும். அடுத்த முறை காய்ச்சுமுன் ஒரு வெள்ளை வாளியில் சுடுதண்ணீரை எதிர்த்திசையில் விட்டுப் பாருங்கள். பழுப்புத் துணுக்கு ஒன்று விழுந்தாலும் மறுபடி பி.பி.டபிள்யூ.தான்.