பள்ளிக்கு எது சரி: ஃபயர் அலாரம் பேனலா, தண்டவாள மணியா?

இந்தக் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்னால் எங்கள் பள்ளிப் பாதுகாப்புக் குழு ஒரு விஷயத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. தீப்பிடித்தாலோ கேஸ் கசிந்தாலோ எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தெரிவிப்பது? ஒரு பக்கம் ஃபயர் அலாரம் பேனல்: சுவரில் அழுத்துவதற்குச் சிவப்புப் பெட்டிகள், கூரையில் புகை டிடெக்டர்கள், தாழ்வாரத்தில் சத்தம் போடும் ஹூட்டர்கள், இவை எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இன்னொரு பக்கம், ஹெச்.எம். அறை வாசலில் பல காலமாகத் தொங்கும் தண்டவாள மணி, அதோடு கையால் சுற்றும் சைரன் ஒன்று. நாங்கள் மணியையும் சைரனையும் தேர்ந்தெடுத்தோம். "காசு இல்லாமல் மணியோடு நிறுத்திக்கொண்டார்கள்" என்று பேச்சு வருவதால், காரணத்தை விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது டெல்டாவில் உள்ள அரசு உதவி பெறும் உயர்நிலைப்பள்ளி. முன்பக்கம் ஒரு மாடி கொண்ட கான்கிரீட் கட்டடம், பின்பக்கம் ஓட்டுக் கட்டடம், ஓரமாகச் சத்துணவுக் கூடம். விடுதி கிடையாது. கீழே சொல்வதெல்லாம் இந்த அளவுள்ள பகல்நேரப் பள்ளிக்குத்தான்.

கும்பகோணம் எங்களுக்குப் பக்கம். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீக்கு இரையானதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. சமையலறையில் பிடித்த தீ மாடியிலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது, எரியும் கூரை பிள்ளைகள் மேலேயே விழுந்தது, தப்பி இறங்க இருந்ததோ குறுகலான படிக்கட்டு. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், ஊழியர்களுக்கு அதை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பு சொன்னதும் இந்தத் தீயை ஒட்டிப் போடப்பட்ட வழக்கில்தான். அதனால் எந்த எச்சரிக்கைக் கருவியும் வெளியேறும் வழிக்கு அப்புறம்தான் என்பது என் கருத்து. படிக்கட்டில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கும் பள்ளி, அலாரம் வாங்கும் முன் பெஞ்சுகளை அப்புறப்படுத்தட்டும்.

வேறு வழிகளும் பேச்சில் வந்தன. மைக் செட், மின்சார மணி இரண்டையும் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம். தீ என்றதும் உடனே செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று மெயின் சுவிட்சை அணைப்பது. அணைத்ததும் இரண்டும் ஊமையாகிவிடும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது ஜப்பானின் கமைஷி நகரில் நடந்ததும் இதுதான். நடுநிலைப்பள்ளியில் மின்சாரம் போய், ஒலிபெருக்கியில் அறிவிக்க முடியாமல் போனது. பலமுறை ஒத்திகை பார்த்திருந்த மாணவர்கள் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள், பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து ஓடினார்கள். இரண்டு பள்ளியிலும் சேர்த்து 500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சுனாமியிலிருந்து தப்பினார்கள். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அது பெற்றோருக்குப் பிற்பாடு சொல்ல உதவும், வகுப்பறையைக் காலி செய்ய உதவாது.

பேனலின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆள் இல்லாத அறையிலும் புகையை மோப்பம் பிடிக்கும். எந்தப் பகுதியில் தீ என்று காட்டும். மாடியில் நிற்கும் ஒரு மாணவிகூட அருகிலுள்ள சிவப்புப் பெட்டியை அழுத்தி எல்லாக் கட்டடத்தையும் உஷார்ப்படுத்தலாம். மணியிடம் இதில் எதுவும் கிடையாது. வாங்கும் நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேனல்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை.

ஆனால் பள்ளி தீப்பிடிப்பது வாங்கிய நாளில் இல்லை. ஐந்து வருடம் கழித்தோ, பத்து வருடம் கழித்தோ, ஏதோ ஒரு வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில். அன்றைக்கு அது வேலை செய்யுமா என்பதுதான் எங்கள் குழுவில் அதிக நேரம் பேசப்பட்டது.

பேனலைப் பராமரிப்பது என்றால் என்ன என்று விசாரித்தோம். உள்ளே 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், கரண்ட் போனால் அதில்தான் ஓடும். இந்த வகை பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டிடெக்டரில் தூசியும் சிலந்திப் பூச்சியும் சேரும். சேர்ந்தால் ஒன்று, காரணமில்லாமல் கத்தும், அல்லது கத்த வேண்டிய நேரத்தில் கத்தாது. ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறினால் சிவப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கும். எலி ஒயரைக் கடிக்கும். இடி இடித்தால் போர்டு போகும். இதற்கெல்லாம் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு, ஏ.எம்.சி. என்பார்கள். முதல் வருடம் ஆள் ஒழுங்காக வருவார். தாளாளர் மாறினால், அல்லது ஒரு வருடம் கையில் பணம் குறைந்தால், முதலில் வெட்டப்படும் செலவு இதுதான். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

பேனல் வைத்திருக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றுக்குப் போய்ப் பார்த்தோம். மாடிப்படிக்குக் கீழே, விளையாட்டுச் சாமான் அறையை ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பச்சை விளக்கோடு மஞ்சள் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பழுது என்பதற்கான விளக்கு அது. சத்தத்தைக் காணோம். வாட்ச்மேனைக் கேட்டேன். "பேட்டரி போயிடுச்சு போல சார். ரெண்டு நாளா கீ கீன்னு கத்துச்சு, அந்தப் பட்டனை அமுக்கினா நின்னுடும்னு சொன்னாங்க, அமுக்கிட்டேன்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவரோ வேறு பள்ளிக்குப் போய்விட்டார். சாவி யாரிடம் என்று கேட்டதற்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னார்கள். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், அங்கே அலாரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு முடிவு அங்கேயே தெளிவாகிவிட்டது. கருவி பழுதாகிவிட்டால் அது யாருக்கு, எத்தனை நாளில் தெரியும்? எந்தக் கருவியை எடை போடவும் இந்த ஒரு கேள்வி போதும். வருடக்கணக்கில் தொடாமல் இருக்கும் பொருள் பழுதானால், தேவைப்படும் நாளில்தான் தெரியும். தினமும் கைபடும் பொருள் பழுதானால் அன்றே தெரியும். எங்கள் மணி காலை வழிபாட்டிலிருந்து மாலை வரை ஒவ்வொரு பீரியடுக்கும் அடிக்கப்படுகிறது. சுத்தியல் காணாமல் போனால் அடுத்த பீரியடுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். கம்பி அறுந்தால் அலுவலக உதவியாளர் மதியத்துக்குள் வேறு கம்பி கட்டிவிடுவார். பாதுகாப்பு ஆய்வு என்று தனியாக யாரும் செய்யத் தேவையில்லை; பள்ளி நடப்பதே ஆய்வுதான்.

சரி, மணியை அப்படியே விட்டுவிட்டால் போதுமா? போதாது. எங்கள் பள்ளியில், அநேகமாக எல்லாப் பள்ளியிலும், சாயங்காலம் விடும் மணி விடாமல் அடிக்கும் நீண்ட மணி. ஆபத்துக்கும் அதே நீண்ட மணி என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஒத்திகையில் பார்த்தோம். பையை மாட்டினார்கள், டிபன் டப்பாவைத் தேடினார்கள், சிலர் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கே ஓடினார்கள். அதனால் ஆபத்துக்கு மும்மூன்றாக அடிப்பது என்று முடிவானது: மூன்று அடி, சிறு இடைவெளி, மறுபடி மூன்று அடி, எல்லோரும் வெளியேறும் வரை. இந்தத் தாளம் கேட்டால் பையைத் தொடக் கூடாது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசி ஆளாக வெளியே வர வேண்டும். மைதானத்தில் வேப்பமரத்தடியில் வகுப்புவாரியாகத் தலை எண்ண வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இப்போது பெஞ்சில் தட்டிக் காட்டுகிறார்கள்.

அடுத்த சிக்கல், பின்பக்க ஓட்டுக் கட்டடம். மழை கொட்டும்போது ஓட்டில் விழும் சத்தத்தில் முன்பக்க மணி அங்கே கேட்கவில்லை. அங்கே இரண்டாவதாக ஒரு தகடு மணி தொங்கவிட்டோம். ஆனால் ஆபத்துக்கு மட்டும் என்று அதை ஒதுக்கினால், நாங்கள் பேனலுக்குச் சொன்ன குறை அப்படியே இதற்கும் வந்துவிடும். ஆகவே முன்னால் பீரியட் மணி அடித்ததும், பின்கட்டில் ஒன்பதாம் வகுப்பு லீடர் அதைத் திருப்பி அடிக்க வேண்டும் என்று ஆக்கினோம். முன் மணி அவருக்குக் கேட்காவிட்டால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். அடைமழை நாளில் மட்டும் வகுப்பில்லாத ஆசிரியர் ஒருவர் தாழ்வாரத்தில் நிற்கிறார். கைச் சைரனுக்கும் இதே விதிதான். அது அலுமினியப் பொருள், கைப்பிடியைச் சுற்றினால் தெருமுனை வரை கேட்கும், மின்சாரம் தேவையில்லை. அச்சுக்கு அவ்வப்போது எண்ணெய் விட்டால் போதும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை வழிபாடு முடிந்ததும் பி.டி. சார் நாலு சுற்று சுற்றுகிறார். அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறோம்.

மணியின் பெரிய பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீயை ஒரு மனிதர் கண்ணால் பார்த்தால்தான் மணி அடிக்கும். 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவில் 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' என்ற கத்தோலிக்கப் பள்ளியில் தீ, படிக்கட்டின் அடித்தளத்தில் ஆள் பார்வையே படாத இடத்தில் தொடங்கியது. உள்ளே அலாரம் ஒலிப்பதற்குள் மாடித் தாழ்வாரத்தைப் புகை அடைத்துவிட்டது. 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். அந்த அலாரம் தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்படவும் இல்லை. ஆள் பார்க்காத இடத்துக்கு டிடெக்டர் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. அதனால் எங்கள் பள்ளியிலும் அறிவியல் லேப், மெயின் போர்டு உள்ள அறை, பழைய விடைத்தாள் கட்டுகள் கிடக்கும் ஸ்டோர் மூன்றிலும் பேட்டரியில் ஓடும் தனி டிடெக்டர் ஒவ்வொன்று மாட்டியிருக்கிறோம். அதன் சோதனைப் பட்டனை அழுத்துவதும் முதல் திங்கட்கிழமை வேலைதான். இவை எப்படி உழைக்கும் என்பதில் எனக்கு இன்னும் அனுபவம் போதாது. அடுத்த அடைமழைக் காலத்தைத் தாண்டட்டும்.

காது கேளாத மாணவர் ஒருவர் எங்களிடம் படிக்கிறார். மணியும் ஹூட்டரும் அவருக்கு ஒன்றுதான். விளக்கு மின்னும் வசதியோடு பேனல் கிடைக்கும், அந்த வகையில் பேனல் மேல். நாங்கள் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேரைப் பொறுப்பாக்கியிருக்கிறோம். இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட்டால் வகுப்பாசிரியர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இது எனக்கு முழுத் திருப்தி இல்லாத ஏற்பாடு.

விடுதி இருந்தால் நான் பேனல் பக்கம்தான் நிற்பேன். இரவில் தூங்கும் பிள்ளைகளுக்கு மணி அடிக்க யாராவது விழித்திருக்க வேண்டும், புகையோ தூக்கத்திலேயே மூச்சை அடைத்துவிடும். மாடிகள் கூடிய பெரிய பள்ளி, கதவை அடைத்து ஏ.சி. போட்ட வகுப்புகள், இவற்றிலும் மணியை மட்டும் நம்ப முடியாது. கட்டடத்தின் உயரத்தையும் பரப்பையும் பார்த்துத் தீயணைப்புத் துறை பேனல் வேண்டும் என்று எழுதிவிட்டால், வைத்துத்தான் ஆக வேண்டும். தடையின்மைச் சான்று அதைப் பொறுத்தது. முடிவெடுக்கும் முன் உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலைய அலுவலரை ஒருமுறை பள்ளிக்கே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். எங்களுக்கு வந்தவர் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, மணி இருக்கும் இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பின்கட்டுக் கதவின் பூட்டைப் பள்ளி நேரத்தில் கழற்றச் சொன்னார். அன்றே கழற்றினோம்.

பேனல் வாங்குவது என்றே முடிவாகிவிட்டால், கோட்டேஷனில் விலையைப் பார்ப்பதற்கு முன் பராமரிப்பைப் பாருங்கள். ஏ.எம்.சி. தொகையை முதல் நாளிலேயே மூன்று வருடத்துக்குத் தனியாக எடுத்து வையுங்கள். பேட்டரி போட்ட தேதியை மார்க்கரில் பெட்டியின் வெளியிலேயே எழுதுங்கள். பேனலை மாடிப்படிக்கு அடியில் மாட்டாமல், ஹெச்.எம். நாற்காலியில் உட்கார்ந்தால் மஞ்சள் விளக்கு கண்ணில் படும் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். வாட்ச்மேன் முதல் சத்துணவு அமைப்பாளர் வரை எல்லோருக்கும் அந்த விளக்கு எதற்கு என்று சொல்லித்தாருங்கள். வாரம் ஒரு சிவப்புப் பெட்டியை முறைவைத்து அழுத்திப் பாருங்கள். பேனல் வந்த பிறகும் தண்டவாள மணியைக் கழற்றிவிடாதீர்கள்.