ஊட்டி மார்க்கெட் பக்கம் பாய் கடை, ரம்ஜான் நோம்பு மாசத்துல போறவங்களுக்கு

கடை சின்னதுதான், நாலஞ்சு டேபிள், பார்க்கிங் சுத்தமா கிடையாது, வண்டிய தள்ளி நிறுத்திட்டு நடந்து வாங்க. பகல்ல டீ, வர்க்கி, மதியம் பிரியாணி எல்லாம் வழக்கம்போல கிடைக்கும், ஆனா போடுற பாய் விடியறதுக்கு முன்னாடி சஹர்ல சாப்பிட்டதோட சரி, தண்ணி கூட குடிக்க மாட்டார், உப்பு பாக்கக்கூட வேலைக்கு இருக்குற, நோம்பு இல்லாத நம்ம பசங்களத்தான் கூப்பிடுவார். அவர் முன்னாடி சாப்பிட கூச்சப்படாதீங்க, "நீங்க சாப்பிடுங்க தம்பி, நோம்பு எனக்குத்தானே"ன்னு சிரிப்பார். ஆனா "ஒரு வாய் தண்ணி குடிச்சா என்ன ஆயிடும் பாய்"னு சில பேர் கேக்குறாங்க பாருங்க, அது வேணாமே ப்ளீஸ். உடம்பு முடியாதவங்க, பயணத்துல இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்களுக்கெல்லாம் மார்க்கத்துலயே சலுகை இருக்கு, இவர் நோம்ப மனசோட வைக்கிறார்.

சாயங்காலம் சூரியன் மறைஞ்சு மஃரிப் தொழுகைக்கு பாங்கு சொன்னதும் கல்லாவ விட்டுட்டு பேரீச்சம்பழம், கஞ்சின்னு உக்காந்துடுவாங்க, அப்புறம் தொழுகை, அந்த நேரத்துல பில்லுக்கு கத்தாதீங்க, கொஞ்சம் முன்னாடியே குடுத்துடுங்க. கஞ்சி கேட்டா நமக்கும் ஒரு டம்ளர் வரும், பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காப்பால் போட்டு கொழகொழன்னு, இந்த குளிருக்கு சூடா இறங்குறப்ப ஆஹா. காசு வாங்க மாட்டாங்க. தொட்டுக்க வர்ற வடைதான் எண்ணெய் ஜாஸ்தி. நோம்பு மாசம் பிறை கணக்குங்கறதால வருஷா வருஷம் சுமார் 11 நாள் முன்னாடி வரும், டூர் ப்ளான் பண்றவங்க தேதி பாத்துக்கோங்க. பெருநாள் அன்னிக்கு கடை லீவு.