நெட்லிஸ்ட் வாங்குவோரே, கோப்பின் தலைப்பு வரிகளைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

எஃப்பிஜிஏவில் (உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றி எழுதக்கூடிய சிப்) போட ஒரு ஃபில்டர் பிளாக்கை (சிக்னலை வடிகட்டும் சுற்று) வெளியாள் ஒருவரிடம் செய்யக் கொடுத்து, ஒரே வேலையில் மூன்று முறை ஏமாந்தேன். ஆர்டிஎல் கோடு, அதாவது சுற்றின் மூல நிரல், அவரிடமே இருக்கும், எனக்கு நெட்லிஸ்டும் (அந்தக் கோடிலிருந்து டூல் உருவாக்கும் செல்கள், இணைப்புகளின் பட்டியல்) டைமிங் சிமுலேஷன் (தாமதங்களையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது) ஓட்டிய லாகும் வரும் என்பது பேச்சு. பாதிப் பணம் முன்கூட்டியே கொடுத்தாயிற்று.

முதலில் வெரிலாக் என்ற சுற்று விவரிப்பு மொழியில் ஒரு கோப்பு வந்தது. எஃப்பிஜிஏ டூலான விவாடோவில் சேர்த்தேன், சிந்தசிஸ் (கோடை நெட்லிஸ்டாக்கும் கட்டம்) சத்தமில்லாமல் முடிந்தது. அதற்கப்புறம் சுற்றைச் சீராக்கும் ஆப்ட் டிசைன் கட்டத்தில்தான் ஐஎன்பிபி-3 என்று பிழை காட்டியது: அந்த செல் உள்ளே ஒன்றுமில்லாத பிளாக் பாக்ஸ். திறந்து பார்த்தால் போர்ட் பெயர்கள், அப்புறம் நேராக முடிவு வரியான எண்ட்மாட்யூல். 'ரைட்_வெரிலாக்' கட்டளையில் '-மோட் சிந்த்_ஸ்டப்' கொடுத்து எடுத்த வெறும் கூடு! கேட்டதற்கு, "கோப்பு மாறிப் போச்சு சார்" என்றார். சரி, யாருக்கும் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த ஈடிஐஎஃப் (நெட்லிஸ்டுக்கான ஒரு வடிவம்) கோப்பில் எல்லா போர்ட்டிலும் ஐபஃப், ஓபஃப் (சிப்பின் பின்களுக்கான உள்ளீட்டு, வெளியீட்டு பஃபர்கள்) உட்கார்ந்திருந்தன. இது என் டிசைனுக்குள் போகும் பிளாக். 'சிந்த்_டிசைன்' கட்டளையில் '-மோட் அவுட்_ஆஃப்_கான்டெக்ஸ்ட்' கொடுக்காவிட்டால் டூல் அதையே முழுச் சிப் என்று எண்ணி, பின்களுக்கான பஃபர்களைச் செருகிவிடும். இந்த ஒரு ஆப்ஷனைத் திருத்த அவருக்கு இரண்டு வாரம் ஆனது.

மூன்றாவது முறை ஈடிஐஎஃப் ஒழுங்காக இருந்தது. கூடவே சிமுலேஷன் நெட்லிஸ்ட், "டைமிங் சிமுலேஷன் பாஸ்" என்று ஒரு லாக். ஆனால் என் பக்கம் ரவுட் செய்ததும் (சிப்புக்குள் இணைப்புகளைப் போட்டதும்) டைமிங் சம்மரியில் டபிள்யூஎன்எஸ் (மிக மோசமான பாதையில் மிஞ்சும் நேரம்) மைனஸில் நின்றது, அதாவது கிளாக் வேகத்துக்கு எட்டவில்லை. "உங்கள் கன்ஸ்ட்ரெய்ன்ட் (டூலுக்குக் கொடுக்கும் டைமிங் நிபந்தனை) தப்பு, என்னிடம் பாஸ் ஆகிறதே" என்றார். லாகை நம்பி மீதிப் பணத்தையும் அனுப்பினேன். போர்டில் குறைந்த கிளாக்கில் ஓடியது, பேசிய கிளாக்கில் வெளியீடு முழுக்கக் குப்பை.

அன்றைக்குத்தான் அவருடைய சிமுலேஷன் கோப்பின் தலைப்பைப் படித்தேன். அதை உருவாக்கிய கட்டளையை டூலே அங்கே எழுதி வைத்திருந்தது: '-மோட் ஃபங்க்சிம்'. இது செயல்பாட்டைச் சரிபார்க்க மட்டுமே, எஸ்டிஎஃப் (தாமதங்களைச் சொல்லும் கோப்பு) இணைத்த சிமுலேஷனுக்கு ஆகாது என்ற குறிப்பும் அதற்குக் கீழேயே இருந்தது. ரவுட்டிங் தாமதம் எதுவும் இல்லாத கோப்பு எந்த கிளாக்கில்தான் பாஸ் ஆகாது? டைமிங் என்றால் ரவுட்டுக்குப் பிறகு '-மோட் டைம்சிம்' கொடுத்து எடுத்திருக்க வேண்டும். 'ரைட்_எஸ்டிஎஃப்' எழுதும் தாமதக் கோப்பும் கூட வர வேண்டும். '-எஸ்டிஎஃப்_அன்னோ ட்ரூ' கொடுத்திருந்தால் நெட்லிஸ்டுக்குள்ளேயே அந்தத் தாமதங்களை ஏற்றும் எஸ்டிஎஃப் அன்னோடேட் வரி இருக்கும். எஸ்டிஎஃப் கோப்பே வராதபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

கேட்டேன். "எந்த மோட் என்று நீங்கள் ஒப்பந்தத்தில் எழுதவில்லையே சார்."

இப்போதெல்லாம் கட்டளைகளை ஆப்ஷனோடு ஒப்பந்தத்திலேயே எழுதுகிறேன். கட்டளைகள் அடங்கிய டிசிஎல் ஸ்கிரிப்டும், ஓட்டிய கட்டளைகளை விவாடோ தானாக எழுதும் ஜர்னல் கோப்பும் வராமல் கடைசித் தவணை கிடையாது. தலைப்பு வரிகள் அழிக்கப்பட்ட நெட்லிஸ்ட் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன். போன பணம் போனதுதான். ஃபில்டரை நானே பைப்லைன் போட்டு (வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து) எழுதிக்கொண்டிருக்கிறேன்.