வாட்ச் அதிர்வு: சுழல் மோட்டாரா, நேர்கோட்டு மோட்டாரா?

ஸ்மார்ட்வாட்ச் வாங்கும்போது திரை, பேட்டரி எல்லாம் பார்க்கிறோம். மணிக்கட்டில் தட்டிக் கூப்பிடும் மோட்டார் எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

விலை குறைந்த ஃபிட்னஸ் பேண்டுகளில் பெரும்பாலும் சுழல் மோட்டார்தான். அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனமான உலோகத் துண்டு. அது சுற்றும்போது வாட்ச் குலுங்கும். மலிவு, இயக்குவதும் எளிது. ஆனால் வேகம் பிடிக்கவும் நிற்கவும் பல மில்லிவினாடிகள் பிடிக்கும். அடுத்தடுத்து இரண்டு தட்டு கொடுத்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே 'ர்ர்ர்' ஆகிவிடும்.

நேர்கோட்டு மோட்டாரில், ஸ்பிரிங்கில் பொருத்திய எடையைக் கம்பிச்சுருளும் காந்தமும் முன்னும் பின்னும் ஆட்டுகின்றன. சட்டென்று தொடங்கும், எதிர்விசை கொடுத்தால் சட்டென்று நிற்கும். 2015-இல் வந்த முதல் ஆப்பிள் வாட்சின் அதிர்வு மோட்டார் (ஆப்பிள் வைத்த பெயர் டாப்டிக் எஞ்சின்) இந்த வகை. அப்போது அதன் மேப்ஸில் வலப்பக்கம் திரும்பச் சீராக 12 தட்டுகள் வந்தன; இடப்பக்கம் என்றால் இரண்டிரண்டாக மூன்று முறை. திரையைப் பார்க்காமலே திரும்ப முடிந்தது. பின்னர் நேரத்தையே தட்டிச் சொல்லும் வசதியும் வந்தது: ஒவ்வொரு பத்து மணிநேரத்துக்கும் ஒரு நீண்ட தட்டு, மீதி மணிகளுக்குக் குறுந்தட்டுகள். பார்வையில்லாதவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

குறை ஒன்று: தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை (ஸ்பிரிங்கும் எடையும் இயல்பாக ஆடும் வேகத்தை) விட்டு விலகினால் இதன் பலம் வெகுவாகக் குறையும், அதனால் இயக்கும் சிப்பும் நுட்பமாக இருக்க வேண்டும். விலை ஏறும்.

அலாரமும் அழைப்பும் மட்டும் தெரிந்தால் போதுமென்றால் சுழல் மோட்டாரே போதும். காது கேளாத ஒருவருக்கு வாங்குகிறீர்களா? தயங்காமல் நேர்கோட்டு மோட்டாருக்குக் கூடுதல் பணம் கொடுங்கள்.