ஏழு கிலோவுக்குள் ஆறு ஆண்டுகள்

இந்த 40 லிட்டர் முதுகுப்பையை 2019-இல் வாங்கினேன். இதுவரை ஐந்து வெளிநாட்டுப் பயணங்கள். ஒன்றில்கூட செக்-இன் லக்கேஜ் போடவில்லை. ஆசியாவுக்குள் பறக்கும் மலிவுக் கட்டண விமானங்களில் பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு. பையே 1.3 கிலோ. மீதி 5.7 கிலோவுக்குள் பத்து நாள் பிழைப்பு அடங்க வேண்டும்.

பாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது சமையலறைத் தராசுதான். முதல் பயணத்துக்கு எடுத்து வைத்தவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். ஜீன்ஸ் ஒன்று 720 கிராம், டர்க்கி டவல் 540 கிராம். அந்த டவலின் இடத்துக்கு வீட்டில் கிடந்த ஈரிழைத் துண்டு வந்தது, 160 கிராம். இந்த ஆறு ஆண்டுகளில் எனக்கு அதிகம் உழைத்த பொருள் எது என்று கேட்டால் அந்தத் துண்டைத்தான் சொல்வேன். இரவில் சட்டையை அலசிப் பிழிந்ததும், காய்ந்த துண்டை விரித்து அதன்மேல் சட்டையைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல இரண்டையும் சேர்த்துச் சுருட்டுவேன். ஒரு முனையை முழங்காலில் அழுத்திக்கொண்டு மறுமுனையை முறுக்கினால் சட்டையில் தங்கிய நீரைத் துண்டு வாங்கிக்கொள்ளும். விடிவதற்குள் இரண்டுமே காய்ந்துவிடும். இதை நம்பித்தான் மூன்று சட்டை, இரண்டு கால்சட்டையோடு கிளம்புகிறேன்.

இந்த உத்தி வியட்நாம் தலைநகர் ஹனோயில் மட்டும் தோற்றது. மார்ச் மாதம் அங்கே நாள் முழுவதும் பூந்தூறல்; சுவரே வியர்த்து நீர் கோத்திருக்கும். மூன்றாம் நாளும் சட்டையில் ஈரம் போகவில்லை, முடை நாற்றம் வேறு. எடைக்கு எடை காசு வாங்கித் துவைத்துத் தரும் கடைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவற்றில் ஒன்றுதான் காப்பாற்றியது. ஆனால் பழைய நகரப் பகுதியில் லிப்ட் இல்லாத ஒடுங்கிய கட்டடத்தின் நான்காம் மாடிக்கு ஏறும்போது பையின் அருமை புரிந்தது.

ஜப்பான் இதற்கு நேர்மாறு. சாதாரண வணிக விடுதியிலும் துண்டு, பல் துலக்கி, இரவு உடை எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். நாணயம் போட்டால் ஓடும் துணி துவைக்கும் இயந்திரமும் பல இடங்களில் உண்டு. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில், நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு 2020 முதல் முன்பதிவு வேண்டும். எனக்கு அந்தக் கவலையே எழவில்லை.

பொடி கொண்டுபோகலாம், ஊறுகாய் கூடாது. அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயைப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுத்த வருத்தம் இன்னும் தீரவில்லை. கைப்பையில் கொண்டுபோவதற்கான 100 மில்லி வரம்பு திரவத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். எண்ணெயில் ஊறியதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இப்போது பருப்புப் பொடியோடு சரி.

பையின் குறைகளையும் சொல்ல வேண்டும். நான்காம் ஆண்டில் உள்பக்கத்து நீர்காப்புப் பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிந்து துணியெல்லாம் ஒட்டியது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில், மூடிய அலமாரிக்குள் மாதக்கணக்கில் கிடந்ததுதான் காரணம். உரிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டேன். மழைக்கு இப்போது தனி உறை போடுகிறேன். காற்றோட்டமான இடத்தில் ஆணியில் மாட்டி வைக்கிறேன். தோள்பட்டைத் தையல் ஒருமுறை விட்டது; செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தேன், அவர் போட்ட தையல் இன்றும் அசையவில்லை.

வரும் ஜனவரியில் அக்காவின் பிரசவத்துக்காக அம்மாவும் நானும் டொராண்டோ போகிறோம். லேகியம், பத்தியப் பொடி, குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி என்று இரண்டு பெரிய பெட்டிகள் இப்போதே நிரம்பத் தொடங்கிவிட்டன. அவை போகட்டும். குளிர் கோட்டை உடம்பில் போட்டுக்கொண்டு விமானம் ஏறப் போகிறேன். என் துணிமணி மட்டும் இந்தப் பையில்தான். நேற்று நிறுத்துப் பார்த்தேன், 6.4 கிலோ.