ஒரு வாய்த் தீனி: எது கைகொடுக்கும், எது காலை வாரும்?

விடுமுறை நாளில் வீட்டிலேயே ஒரு சின்ன விருந்து, பத்துப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பந்தி போட்டுப் பரிமாறும் சாப்பாடு இல்லை. நின்றபடி, நடந்தபடி, பேசியபடி கொறிப்பதுதான் ஏற்பாடு. வருகிறவர் ஒரு கையில் டம்ளர் இருக்கும். மறு கையால் எடுத்து ஒரே வாயில், மிஞ்சிப்போனால் இரண்டு கடியில் முடிய வேண்டும். தட்டும் முள்கரண்டியும் கேட்கிற பண்டத்துக்கு இந்த விருந்தில் இடமே கிடையாது.

என்ன செய்யலாம் என்று தேடினால் யோசனைகள் கொட்டும். பிரித்துப் பார்த்தால் அடிப்படை ஐந்தாறு வகைதான். ரொட்டித் துண்டின் மேல் எதையாவது வைப்பது, குச்சியில் கோர்ப்பது, முட்டையையோ காளானையோ குடைந்து நிரப்புவது, மாவில் பொதிந்து சுடுவது, உருண்டை பிடிப்பது. இவற்றில் எது ருசி என்று சண்டை போட்டுப் பயனில்லை. ஒழுங்காகச் செய்தால் எல்லாமே ருசிதான். நான் பார்ப்பது வேறு கணக்கு: வேலை எப்போது தலையில் விழுகிறது? முந்தின நாளே முடிந்துவிடுகிறதா, அல்லது அழைப்பு மணி அடிக்கும் நேரத்தில் உங்களை அடுப்படியிலேயே கட்டிப்போடுகிறதா? சமைப்பவரும் வரவேற்பவரும் ஒரே ஆள் என்றால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

அதற்கு முன் எண்ணிக்கை. பிறகு சாப்பாடு உண்டு என்றால் ஆளுக்கு மணிக்கு 4 முதல் 6 துண்டு. இதுவே சாப்பாடு என்றால் ஆளுக்கு மொத்தம் 10 முதல் 12. விருந்துக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள் பொதுவாகப் போடும் கணக்கு இது. அப்படியானால் பத்துப் பேருக்கு நூறு, நூற்றிருபது துண்டுகள். ஆசைப்பட்டு எட்டு வகை செய்தால் வகைக்குப் பதினைந்துதான் வரும், ஆனால் வேலை எட்டு மடங்கு. நாலு வகை போதும்.

ரொட்டியா, குச்சியா?

படத்தில் பார்க்க அழகு ரொட்டிதான். நீள ரொட்டியை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, எண்ணெய் தடவி, 180 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுட்டால் மொறுமொறு துண்டுகள் தயார். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஓரிரு நாள் தாங்கும். அதுவரை எந்தக் குறையும் இல்லை.

வம்பு மேலே வைக்கிற பொருளில் தொடங்குகிறது. நறுக்கிய தக்காளியில் உப்புப் போட்டதுமே அது தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரை ரொட்டி குடிக்கும். அரை மணி நேரத்தில் அடிப்பக்கம் தொளதொளத்து, எடுக்கும்போதே நடுவில் வளையும். விதையை நீக்கி, உப்பிட்டு, வடிகட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ரொட்டியில் வெண்ணெயோ கிரீம் சீஸோ தடவினால் கொழுப்பு ஒரு தடுப்பாக நிற்கும். இத்தனை செய்தாலும் ஆயுள் கொஞ்ச நேரம்தான். சரி, ரொட்டியைத் தனியாகவும் மேலே வைப்பதைத் தனியாகவும் வைத்து அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்பார்கள். அதற்கு இரண்டு கை வேண்டுமே, டம்ளரை எங்கே வைப்பது? ரொட்டியை அதிகம் சுட்டுவிட்டால் இன்னொரு கூத்து. கடித்த உடனே நொறுங்கி, மேலே இருந்ததெல்லாம் சட்டையில் விழும்.

அதே தக்காளியைக் குச்சிக்குக் கொண்டு வாருங்கள். செர்ரி தக்காளி ஒன்று, மொஸரெல்லா சீஸ் உருண்டை ஒன்று, இடையில் ஒரு பேசில் (இத்தாலியத் துளசி) இலை. தக்காளி முழுசாக, தோலோடு இருப்பதால் சாறு உள்ளேயே நிற்கிறது. உப்பைப் பரிமாறும்போது தூவினால் போதும். ரொட்டியில் அரை மணி நேரம் தாங்காதது குச்சியில் அரை நாள் தாங்குகிறது. காலையில் கோர்த்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். பேசில் மட்டும் குளிரில் கறுத்துப்போகும், அதைக் கடைசியில் செருகுவது நல்லது. வெள்ளரி, ஆலிவ், சீஸ் துண்டு என்றும் கோர்க்கலாம். தர்பூசணியும் ஃபெட்டா சீஸும் என்றும் கோர்க்கலாம். கீழ்நுனியில் தட்டையாக வெட்டிய துண்டு வருமாறு கோர்த்தால் தட்டில் உருளாமல் நிற்கும்.

குச்சிக்கும் குறை உண்டு. தின்று முடித்த குச்சியை எங்கே போடுவது என்று தெரியாமல் பூந்தொட்டியில் செருகிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் ஒரு காலி டம்ளர் வைத்து, அதில் நீங்களே ஒரு குச்சியைப் போட்டு வையுங்கள். சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். குழந்தைகள் வருவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுத் திராட்சையும் முழுச் செர்ரி தக்காளியும் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. நீளவாக்கில் நாலாகக் கீறித் தனித் தட்டில் கொடுக்க வேண்டும். கூரான குச்சியோடு அவர்கள் ஓடுவதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சொன்ன பிறகும் என் ஓட்டு குச்சிக்குத்தான்.

முட்டையா, காளானா?

இங்கே போட்டியே இல்லை, முட்டை ஜெயிக்கும். ஒரு முட்டைக்கு இரண்டு துண்டு, செலவும் கம்மி. ஒரு டஜன் அவித்தால் இருபத்து நாலு. இதற்குப் புத்தம் புது முட்டை வேண்டாம். சில நாள் ஆன முட்டையில் கரியமில வாயு வெளியேறி வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடியிருக்கும். உள்சவ்வு அவ்வளவாக ஒட்டாது, ஓடு சுலபமாகக் கழலும். கொதிக்கிற தண்ணீரில் இறக்கி, பதினொன்று பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். அதிகம் வெந்தால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். வெள்ளையின் கந்தகமும் மஞ்சளின் இரும்பும் சேர்வதால் வருவது அது. கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

ஓட்டை உரித்து, முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள்கருவைத் தனியே எடுத்து மயோனைஸ், கடுகு விழுது, உப்பு, மிளகு சேர்த்துக் கட்டியில்லாமல் மசித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிண்ணம் போல மிஞ்சும் வெள்ளைக்கருப் பாதிகளைத் தனியே மூடி வையுங்கள். இதெல்லாம் முந்தின இரவு வேலை. விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பையின் மூலையை வெட்டி அந்தக் கிண்ணங்களில் பிழிந்தால் முடிந்தது. கிண்ணத்தின் அடியில் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட்டால் தட்டில் வழுக்கி ஓடாது. கூடவே இருக்கும் தொல்லை வாசனைதான். அவித்தது முந்தின நாள் என்றால் அதுவும் வீட்டில் தங்காது.

காளான் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் தண்ணீர். பச்சையாக நிரப்பிச் சுட்டால் தட்டில் குளம் கட்டும். குடைந்த பக்கம் கீழே இருக்கும்படி முதலில் வெறுமனே சுட்டுத் தண்ணீரை விடவைத்து, பிறகு நிரப்பி மறுபடி சுட வேண்டும். ஆக இரண்டு தடவை ஓவன். ஆறினால் ரப்பர். முட்டையும் தொடாதவர்கள் கூட்டத்தில் அதிகம் என்றால் மட்டும் காளான் பக்கம் போங்கள்.

சூடாக ஒன்று

ஒன்றே ஒன்று. இரண்டு சூடான பண்டம் என்றால் விருந்து கூடத்தில் நடக்கும், நீங்கள் சமையலறையில் நிற்பீர்கள்.

பஃப் பேஸ்ட்ரியா, கறி உருண்டையா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பேஸ்ட்ரியில் மாவும் வெண்ணெயும் அடுக்கடுக்காக இருக்கும். சூட்டில் நீர் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்கும். மூன்றாக மடிப்பதை ஆறு முறை செய்தால் வெண்ணெய் அடுக்குகள் 729 ஆகிவிடும். விருந்துக்கு முந்தின நாள் வீட்டில் அந்த வீர விளையாட்டு தேவையில்லை, உறைந்த தாளாகக் கடையில் கிடைப்பதே போதும். வெண்ணெய் உருகிவிடாமல் மாவு சில்லென்றே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னச் சின்னதாக வெட்டி, நீர் விடாத பூரணம் வைத்து, சுடாமல் அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வேண்டும்போது நேராக 200 டிகிரி ஓவனில் இருபது நிமிடம் போலச் சுட்டால், ஆட்கள் நுழையும்போதே வெண்ணெய் வாசம் வரவேற்கும். அந்த ஒரு விஷயத்தில் வேறெதுவும் இதனிடம் நிற்க முடியாது. ஆனால் சோபாவெல்லாம் துகள், ஆறிய பிறகு பாதி மதிப்பு.

கறி உருண்டை நேர் எதிர். வாசனையில் அசத்தாது, பொறுமையில் அசத்தும். முந்தின நாளே செய்துவைத்து, சாஸோடு மறுபடி நன்றாகச் சூடாக்கி, 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருந்தால் இரண்டு மணி நேரம் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். முதலில் வேகவைக்கும்போது நடுப்பகுதி 71 டிகிரி தொட்டிருக்க வேண்டும், கோழிக்கறி என்றால் 74. சாஸ் கெட்டியாக இருக்கட்டும், தண்ணியாக இருந்தால் தரையெல்லாம் சொட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிற கூட்டம் என்றால் பேஸ்ட்ரி. ஒவ்வொருவராக, அவரவர் சௌகரியத்துக்கு வருகிறவர்கள் என்றால் உருண்டை.

இனிப்பில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. கொட்டை நீக்கிய பேரீச்சையில் பாதாமும் கொஞ்சம் கிரீம் சீஸும் அடைத்தால் அடுப்பே வேண்டாம். சாக்லேட்டில் முக்கிய ஸ்ட்ராபெர்ரி அழகுதான், ஆனால் பழத்தில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். பாதாம் இருப்பதை மட்டும் வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர் யாராவது இருக்கலாம்.

முட்டை, சீஸ், கறி எதுவானாலும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறைச் சூடு 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். சூடாகவே வைத்திருக்கும் உருண்டைக்கு மட்டும் இது பொருந்தாது. அதனால் பாதியை ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். தீரத் தீரப் பழைய தட்டின் மேலேயே கொட்டாமல், அதை எடுத்துவிட்டுப் புதுத் தட்டு வையுங்கள்.

என்னைக் கேட்டால் பத்துப் பேருக்கு முப்பது குச்சி, இருபத்து நாலு முட்டைத் துண்டு, முப்பது பேஸ்ட்ரி, இருபது பேரீச்சை. கூட ஒரு கிண்ணம் நிறைய கேரட், வெள்ளரிக் குச்சிகளும் தொட்டுக்கொள்ளத் தயிரும். ரொட்டியை விட மனமே வரவில்லையா? துண்டுகளை முந்தின நாளே சுட்டு டப்பாவில் போடுங்கள், மேலே வைப்பதைக் கிண்ணத்தில் தயாராக வையுங்கள். அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று சமையலறை வாசலில் நிற்பவர் எல்லா விருந்திலும் ஒருவர் உண்டு. அந்த வேலை அவருக்கு.